பெருக்கக் கூடாத இடம்

துணைவேந்தர் மாநாட்டுக்குப் போய்த் திரும்பினால் பல்கலைக்கழகத்தில் யாருடைய தலையாவது உருளும். போன தடவை திரும்பி வந்தவர், கூட்டங்களை நின்றுகொண்டுதான் நடத்த வேண்டும் என்றார். அதற்கு முந்தின தடவை, உடம்புக்கு நல்லது என்று மின்தூக்கியை நிறுத்திவைத்தார்; அவருக்கே முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது மறுபடி ஓடியது. இந்தத் தடவை முள்ளெலி.

"அங்க வாசல்லயே ஒரு பலகை மாட்டியிருக்காங்க. 'முள்ளெலிக்கு உகந்த பல்கலைக்கழகம்'னு. நம்மளவிடச் சின்னப் பல்கலைக்கழகம் அது!" என்று அவர் பொருமினார்.

"நம்ம இடம் மாணவர்களுக்கே உகந்ததா இல்லைன்னு புகார் வருது சார்," என்றார் நிதி அலுவலர், யாருக்கும் கேட்காத குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி.

உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. விலங்கியல் பேராசிரியர் தலைவர். முள்ளெலியின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர் அவர். குடல்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். நடந்து போகும் முள்ளெலி ஒன்றைக்கூட இன்னும் பார்த்ததில்லை. செலவைத் தடுப்பதற்காக நிதி அலுவலர். மண்வெட்டி, துடைப்பம், ஆட்கள் எல்லாம் தோட்டப் பிரிவின் வசம் இருப்பதால், அதன் கண்காணிப்பாளரான அவள்.

அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சீப்பம்மா. முன்வாசல் புல்வெளியில் அவள் வெட்டும் இயந்திரத்தை ஓட்டவைக்கும் விதத்தில், படிய வாரிவிட்ட தலை மாதிரி கோடு கோடாகப் புல் படுத்திருக்கும். மாணவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் பார்த்துப் பெயர் வைக்கிற அளவுக்கு நேராக வாழ்வது சாதாரணமா?

பலகை தரும் அமைப்பிலிருந்து வந்த கையேட்டை அவள், பக்திமான் கையில் நாத்திகப் புத்தகம் கிடைத்த மாதிரி, மேசைக்கடியில் வைத்துப் படித்தாள். இலைகள் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். புல்லை வெட்டக் கூடாது. பூச்சி மருந்து கூடவே கூடாது. மக்கிய கட்டைகளை அப்படியே போட்டுவைக்க வேண்டும். வண்டும் புழுவும் வந்தால்தான் முள்ளெலிக்குச் சாப்பாடு. சுவர்களில் அது நுழைந்து போகத் துவாரம் விட வேண்டும்.

துவாரம் என்றதும் வாசல் காவலர் குதித்தார். துணைவேந்தரையே அடையாள அட்டை கேட்டு நிறுத்தியவர் அவர். "துவாரம் விடுங்க, வேணாங்கல. ஆனா கதவு போட்டுப் பூட்டு ஒண்ணு வேணும். முள்ளெலின்னு சொல்லிக்கிட்டு யார் யாரோ உள்ள வருவாங்க."

"அந்த அளவு துவாரத்துல யாரு வர முடியும்?"

"நீங்க உலகத்தைப் பாக்கல மேடம்."

கட்டடக்கலை மாணவர்கள் பூச்சிகளுக்காக ஒரு விடுதி கட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாடி, மூங்கில் அறைகள், சரிவுக் கூரை, பளபளவென்று வார்னிஷ். ஒரு பூச்சிகூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அதைக் கட்டிய பிறகு மிஞ்சிப்போய், மழையில் நனைந்து கிடந்த மரப்பலகைக்கடியில் மட்டும் நிற்க இடமில்லாத கூட்டம்.

இதற்கெல்லாம் அவள் தேர்ந்தெடுத்த இடம், பழைய வேதியியல் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு துண்டு நிலம். யார் கண்ணிலும் படாது என்பதுதான் காரணம். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் அதே துண்டின் மேல் நிதி அலுவலருக்கு நெடுநாளாக ஒரு கண். வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்று அவர் வரைபடமே போட்டுவைத்திருந்தார். துணைவேந்தர் பஞ்சாயத்து செய்தார். "ஒரு வருஷம் பாப்போம். பலகை வந்தா இடம் அவங்களுக்கு. வரலைன்னா உங்களுக்கு. அன்னைக்கே சிமெண்ட் போட்டுக்கோங்க."

அப்போது அவளுக்கு அதில் அக்கறை எதுவும் இல்லை. சிமெண்டைப் பெருக்குவது சுலபம் என்றுகூட நினைத்தாள்.

முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுத்தது. இலைகள் கண்டபடி விழுந்தன. களை இடுப்பளவு வளர்ந்து, பூத்து, விதையைக் காற்றில் விட்டு, அவளுடைய புல்வெளிக்கே தூது அனுப்பியது. வீட்டுக்கு வந்தால் அங்கே கணவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவர். நாற்காலியில் விடைத்தாள், கட்டிலில் விடைத்தாள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சுருட்டிவைத்த ஒரு கண்டம். அவர் பின்னாலேயே எடுத்துவைத்துக்கொண்டு நடப்பதுதான் இருபத்தைந்து வருடமாக அவள் செய்யும் குடித்தனம்.

"இதை இங்க போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"முள்ளெலி போட்டா இயற்கை, நான் போட்டா குப்பையா?" என்றார் அவர். "எனக்கும் ஒரு பலகை மாட்டு. கணவனுக்கு உகந்த வீடுன்னு."

அவள் சிரிக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒரு நாள், வெளிச்சம் போகிற நேரம். தோட்டப் பிரிவு மேஸ்திரி சுவர்த் துவாரத்தைப் பெரிதாக உடைத்துவிட்டாரா என்று பார்க்கப் போனவள், சுவரோரம் யாரோ சப்புக்கொட்டிச் சாப்பிடும் சத்தம் கேட்டு நின்றாள். வெட்கமே இல்லாத சத்தம். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைச் சித்தப்பாக்கள் மட்டுமே அப்படிச் சாப்பிடுவார்கள். இலைக்குள்ளிருந்து ஒரு மூக்கு வந்தது. மூக்கைத் தொடர்ந்து மற்றது. வாயில் ஒரு வண்டின் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நேராக அவளை நோக்கி வந்து, அவளுடைய செருப்பை முகர்ந்து, இதில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, சுற்றிக்கொண்டு போயிற்று.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணை யாரும் கவனிக்காமல் கடந்து போவது புதிய விஷயமல்ல. கூட்டங்களில், கடைகளில், மகளின் தொலைபேசிப் பேச்சுகளில்கூட அது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இதில் அவமதிப்பு இல்லை. அந்தப் பிராணிக்கு அவளிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவள் எதையும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. யாருக்கும் எதையும் நேராக்க வேண்டியதில்லை. தன் தோள்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தன என்பது, அவை இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதைப் பார்த்ததாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேராசிரியர் அதன் குடலைப் பற்றிப் பேசுவார், துணைவேந்தர் புகைப்படக்காரரை அனுப்புவார். கணவரிடமும் சொல்லவில்லை. அது துரோகம் மாதிரி இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அன்றிலிருந்து அவள் சாயங்காலங்களில் அங்கே போய் உடைந்த ஸ்டூல் ஒன்றில் உட்கார ஆரம்பித்தாள். அதற்கப்புறம், நிதி அலுவலர் அளவெடுக்கும் நாடாவோடு அந்தப் பக்கம் உலாத்துவதைப் பார்த்தாலே அவளும் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள். வேண்டும் என்று நினைத்துவிட்டால் பயமும் கூடவே வந்துவிடுகிறது.

வருடம் முடிந்து, பலகைக்கான ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம் துணைவேந்தர் கூப்பிட்டார். "நாளைக்கு அந்த ஆய்வாளர் அம்மா வர்றாங்க. எல்லாம் சரியா இருக்கணும். புரியுதா? சரியா."

"இருக்கும் சார்."

ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். வெயில் இன்னும் தாழவில்லை. புதரில் ஒரு பிஸ்கட் உறை மாட்டியிருந்தது. அதை எடுப்பது நியாயம்தானே, எடுத்தாள். உறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. அதுவும் நியாயம். கண்ணாடியை எடுக்கும்போது பாதைக் கல்லின் மேல் ஒரு இலை, பாதி உள்ளே பாதி வெளியே. அதைக் கொஞ்சம் தள்ளினாள். தள்ளியதும் பக்கத்து இலை கோணலாகத் தெரிந்தது.

துடைப்பம் எப்போது கைக்கு வந்தது, சாக்குகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு முக்கியமானவர் வருகிறார், எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு அவள் கைகள் இத்தனை வருடமாக ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் பழகியிருந்தன. உதட்டில் ஏதோ பாட்டு. மனம் எங்கோ ஒரு வெளுத்த, அமைதியான இடத்தில். மகளின் கல்யாணத்தன்றும் இப்படித்தான், தலைமுடியைச் சரி செய்து, முந்தானையைச் சரி செய்து, மறுபடி முடியைச் சரி செய்து, கடைசியில் அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் "அம்மா, கையை எடு!" என்று கத்தினாள். பிரியம் வைத்த எதையும் நேராக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சாக்குகளின் வாயை இழுத்துக் கட்டி, பின்வாசலில் குப்பை வண்டிக்காக வரிசையாக அடுக்கினாள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. ஈர இலை, என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

"பல்வலியா?" என்றார் கணவர்.

"நான் பெருக்கிட்டேன்," என்றாள், நுரைக்குள்ளிருந்து.

"நீ பெருக்காத நாள் எது?"

அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

துண்டு நிலம் மொட்டை அடித்த மாதிரி இருந்தது. கட்டைகள் உயரப்படி நின்றன. உடைந்த ஸ்டூலைக்கூடத் துடைத்துவைத்திருந்தாள். மேஸ்திரி வந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

"ஏம்மா?" என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக.

"பேசாதீங்க. இலை வேணும். எங்கிருந்தாவது கொண்டு வாங்க."

பின்வாசலில் கட்டிவைத்த சாக்குகளின் நினைப்பே அந்த அவசரத்தில் அவளுக்கு வரவில்லை. ஆட்கள் பறந்தார்கள். விளையாட்டு மைதானத்திலிருந்தும் நூலகத்துக்குப் பின்னாலிருந்தும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக இலை வந்தது. ஆனால் அவர்களும் அவளிடம் வேலை பழகியவர்கள்தானே. குவியலை நாலு பக்கமும் தட்டி, பணியாரம் மாதிரி உருட்டி எடுத்தார்கள்.

"இப்படி இல்லப்பா, அலங்கோலமா!"

"இந்த அலங்கோலம் போதுமாம்மா?"

"இன்னும்."

"இதுக்கு மேல போட்டா எங்களுக்கே திட்டு விழுமேம்மா," என்றான் ஒருவன். அவள் முகத்தைப் பார்த்ததும் தள்ளுவண்டியை அப்படியே கவிழ்த்தான்.

ஆய்வாளர் வந்தபோது அவருடைய கால்சட்டையின் முழங்கால் இரண்டிலும் காய்ந்த மண் இருந்தது. துணைவேந்தர், பேராசிரியர், நிதி அலுவலர் மூவரும் ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். நிதி அலுவலரின் கையில் நாடா. ஆய்வாளர் யாரிடமும் பேசாமல் மண்டியிட்டு, இலைக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். எடுத்து உள்ளங்கையை முகர்ந்தார்.

"இது வேற எங்கேயோ கிடந்த இலை," என்றார். "அடியில ஈரமே இல்ல. ஒரு மரவட்டை இல்ல, ஒரு வண்டு இல்ல. இன்னைக்குக் காலையில போட்டதா?"

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "அதாவது, பருவநிலை மாற்றத்தினால மண்ணோட ஈரப்பதத்துல..."

"நான் பெருக்கிட்டேன்," என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நேத்து சாயங்காலம். நீங்க வர்றீங்கன்னு. நல்லா இருக்கட்டும்னு..." இதைவிட முட்டாள்தனமான வாக்கியம் ஒன்று இருக்க முடியுமா?

நிதி அலுவலர் முகத்தில் விடிந்தது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பழைய குவியல்ல ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணு இருக்கு. இருந்துது. நான் பாத்திருக்கேன்." ரகசியம் வெளியே விழுந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. "ஒரு சாக்கு மட்டும் கனமா இருந்துச்சு."

ஆய்வாளர் எழுந்துவிட்டார். "சாக்கு எங்க?"

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "குப்பை வண்டி வர்ற நேரம்மா."

பல்கலைக்கழக வரலாற்றில் துணைவேந்தர் ஓடியது அதுதான் முதல் தடவை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வண்டியை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நாலைந்து மாணவர்களும் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கூடவே ஓடினார்கள். அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். பின்வாசலில் சாக்குகள் இல்லை. அப்படியே முன்வாசலுக்குத் திரும்பினாள்.

ஆனால் குப்பை வண்டி முன்வாசலைத் தாண்டவில்லை. வாசல் காவலர் அதன் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநரின் அட்டை போன வாரத்தோடு காலாவதி ஆகிவிட்டதாம்.

"யோவ், நான் தினமும் வர்றவன்யா! உள்ள விடும்போது பாக்கல, வெளிய விடும்போது பாக்குறியா?"

"தினமும் வர்ற உனக்குத் தேதி தெரிய வேணாமா?"

"இவரை யாரும் திட்டாதீங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னார் துணைவேந்தர். அந்தக் காவலரை வாரம் ஒரு முறை திட்டுவது அவர்தான்.

சாக்குகளைக் கீழே இறக்கினார்கள். எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். லேசு. லேசு. இது வேறு துறையின் காகிதம். நான்காவதைத் தூக்கியதும் கைக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தாள். பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாக்கின் உள்பக்கம் ஒரு மூலையில் நார் நாராகப் பிய்ந்திருந்தது.

"ராத்திரி முழுக்கச் சுரண்டியிருக்கு," என்றார் ஆய்வாளர், மெல்ல.

அந்தப் பிய்ந்த நாரைப் பார்த்துக்கொண்டே அவள் கையை உள்ளே விட்டாள். இலை. இலை. அப்புறம் ஊசிகள். உள்ளங்கையில் ஒரே சமயத்தில் பல இடத்தில் குத்தியது. ஊசிகளுக்கு நடுவில் ஒரு சூடு, அந்தச் சூட்டுக்குள் ஒரு ஏறி இறங்கும் அசைவு. அது புஸ்ஸென்று சீறியது. மனப்பூர்வமாக வைதது என்றே சொல்ல வேண்டும்.

"உசுரோட இருக்கு," என்றாள். கன்னம் நனைந்தது. ரத்தக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "மூச்சு விடுதே," என்றார் பிறகு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.

ஆய்வாளர் சாக்கைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். களைத்திருக்கிறது, அடி எதுவும் இல்லை. சாக்கை அப்படியே பழைய இடத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் தண்ணீர் வைத்து, வாயைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் போய்விட வேண்டும். இருட்டினால் அதுவே கிளம்பும். யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. "முக்கியமா நீங்க," என்றார் அவளிடம்.

"பலகை?" என்றார் துணைவேந்தர்.

"முள்ளெலியை மூட்டை கட்டிக் குப்பைக்குப் போட்ட வளாகத்துக்கா?"

நிதி அலுவலர் நாடாவை ஒரு தடவை இழுத்து விட்டார். அது டப்பென்று உள்ளே போயிற்று. வேறு யாராவது பெருக்கியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். தன் கையோடு எப்படிச் சண்டை போடுவது? சாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். துணைவேந்தருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. "கொடுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்," என்று வாங்கிக்கொண்டார்.

அதுதான் காப்பாற்றியது. அவளையல்ல, இடத்தை.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. தலைமுடி கலைந்து, நெற்றியில் வியர்வை, மார்போடு அணைத்த சாக்கு: 'குப்பை வண்டியைத் துரத்திச் சென்று உயிர் காத்த துணைவேந்தர்'. படத்தின் ஓரத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. சாயங்காலம் இரண்டு பத்திரிகைகள் பேட்டி கேட்டன. பலகை வைத்த அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே கூப்பிட்டுப் பாராட்டினாராம். குரலில் பொறாமை வழிந்ததாம்.

மறுநாள் நிதி அலுவலர் வரைபடத்தோடு உள்ளே போனார்.

"எங்க சிமெண்ட் போடணும்ங்கிறீங்க?" என்று துணைவேந்தர் கேட்டது வெளி வராந்தா வரைக்கும் கேட்டது. "என் முள்ளெலி மேலயா?"

"சார், பலகை வரலைன்னா எனக்குன்னு நீங்கதான்..."

"பலகை கிடக்குது! ஊரே என்னைப் பத்திப் பேசுது. உங்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேணும்னா டென்னிஸ் மைதானத்தை எடுத்துக்கோங்க. எனக்குத்தான் முழங்கால் போச்சே."

வராந்தாவில் நின்றிருந்த அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தன் நேர்மையோ, கண்ணீரோ, குத்துப்பட்ட கையோ எதுவும் செய்யாததை ஒரு மனிதரின் தற்பெருமை ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டது. கொஞ்சம் கசந்தது. ஆனால் கசப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடம் இருக்கிறது.

துண்டு நிலத்துக்குள் அவள் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தாள். சாக்கு சப்பையாக, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முள்ளெலி எப்போது கிளம்பியது, எந்தப் பக்கம் போனது, இனி இந்த ஜென்மத்தில் அவள் இருக்கும் திசைக்கு வருமா, ஒன்றும் தெரியாது. போய்க் கேட்கவும் முடியாது. ஒரு வண்டு மட்டும் சாக்கின் மேல் ஏறி, வழி தெரியாமல், திரும்ப இறங்கியது.

மேஸ்திரி பின்னால் வந்து நின்றார். "காலி சாக்கும்மா. எடுத்துடட்டுமா?"

"வேணாம்."

"பாதி பாதை மேல, பாதி புல்லு மேல கிடக்கே. கோணலா."

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முனையை லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான், நேராகிவிடும்.

"கிடக்கட்டும்," என்றாள். சொல்லும்போது பல் கூசியது.